ஒயின் ஒன்றும் ஷேர் சர்டிஃபிகேட் அல்ல

பி.காம். சேர்ந்த முதல் வருடத்திலேயே தேய்மானம் என்ற பாடம் வந்துவிடும். இயந்திரம் வாங்கிய விலை, எத்தனை வருடம் ஓடும், கடைசியில் காயலான் கடையில் என்ன தேறும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு வருடா வருடம் கொஞ்சம் கழிக்க வேண்டும். ஆயுள் முடிந்தால் ஏட்டில் மிஞ்சுவது அந்தக் காயலான் கடை மதிப்பு மட்டும், அதுவும் தேறாது என்றால் பூஜ்யம். லாரிக்கும் இதே கணக்கு, மாவு மில்லுக்கும் இதே கணக்கு. திராட்சைக் கொடிக்கும் இதே கணக்குதான் என்பது வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளில் 2014-ல் ஒரு திருத்தம் வந்தது. 2016 ஜனவரி முதல் அமல். திராட்சை, ரப்பர், எண்ணெய்ப்பனை மாதிரி வருடா வருடம் காய்த்துக் கொடுக்கும் செடிகளை இனி இயந்திரம் போலவே நடத்து என்றது அந்தத் திருத்தம். நட்ட செலவைப் போடு, ஆயுளால் வகு, கழித்துக்கொண்டே வா.

இந்தக் கணக்கோடு பிரான்சின் மலைச்சரிவு ஒன்றில் ஏறிப் பாருங்கள். அங்கே எண்பது வயதுக் கொடிகள் நிற்கின்றன. இந்த விதிப்படி பார்த்தால் ஏட்டில் அவற்றின் மதிப்பு பூஜ்யம். ஆனால் அந்தப் பழத்தில் செய்த ஒயின்தான் அந்த ஊரிலேயே விலை அதிகம்! "பழைய கொடிகள்" என்று லேபிளில் பெருமையாகப் போட்டு விற்கிறார்கள். அந்த ஒயினையும் உடனே குடித்துவிட முடியாது. பத்து வருடம், இருபது வருடம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் விலை இன்னும் ஏறும்.

சரி, அந்த ஏறிய விலை யாருக்குப் போகிறது? கொடி வளர்த்தவருக்கா, சுவர் கட்டியவருக்கா? இருவருக்கும் இல்லை. புட்டியை வாங்கிக் கிடங்கில் பூட்டி வைத்தவருக்கு. அநியாயம் இதுதான். சட்டம் போட்டுச் சரி செய்யக்கூடிய அநியாயம் என்பதால்தான் இவ்வளவு பேச்சு.

அது எந்த மலை?

தென்கிழக்கு பிரான்சில் ரோன் நதி ஓடுகிறது. கிழக்குக் கரையில் வலான்ஸ் என்ற நகரம். எதிர்க்கரையில், ஆர்தேஷ் மாவட்டத்தில், கொர்னாஸ் என்ற சின்ன ஊர். ஊருக்குப் பின்னாலேயே மலை எழும்புகிறது. "வெந்த மண்" என்று பொருள்படும் பழைய கெல்டிக் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். வெயில் விழும் பக்கமாகத் திரும்பிய சரிவு. வடக்கிலிருந்து அடிக்கும் மிஸ்த்ரல் காற்றை மலையே மறைத்துக்கொள்கிறது. எனவே அனல்.

மண் என்றால் பொடிந்த கருங்கல். மழை பெய்தால் கீழே இறங்கிவிடும். இறங்காமல் இருக்கச் சுண்ணாம்பும் சிமெண்டும் இல்லாமல் கல்லை அடுக்கியே சுவர் கட்டிப் படிப்படியாகப் பாத்தி பிரித்திருக்கிறார்கள். டிராக்டர் ஏறாது. சில இடங்களில் மேலே மோட்டாரை நிறுத்தி, இரும்புக் கயிறு கட்டிக் கலப்பையை இழுப்பார்கள். அதற்கும் வழியில்லாத இடத்தில் மண்வெட்டிதான், முதுகுதான்.

1938-ல் இந்த ஊருக்குப் பெயர் உரிமை கிடைத்தது. காஞ்சிபுரம் பட்டு, திண்டுக்கல் பூட்டு என்று நம் ஊரில் புவிசார் குறியீடு கொடுக்கிறார்களே, அதன் பிரெஞ்சு மூத்த அண்ணன் அது. கொர்னாஸ் என்று லேபிளில் போட வேண்டுமானால் அந்த ஊர் எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும், சிவப்பு ஒயினாக இருக்க வேண்டும், ஸிரா என்ற ஒரே ஒரு திராட்சை ரகத்தில்தான் செய்திருக்க வேண்டும். கலப்படம் கிடையாது.

பெயர் கிடைத்ததால் பணம் வந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆட்கள் மலையை விட்டு இறங்கினார்கள். எதிர்க்கரை நகரத்தில் சம்பள வேலை இருக்கும்போது யார் கல் சுமப்பார்கள்? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது அந்த மலைக்கும் பொருந்தும். ஒரு காலத்தில் தோட்டம் சுமார் 50 ஹெக்டேருக்குச் சுருங்கிப்போனது. விட்ட இடத்தில் புதர் மண்டியது, சுவர் சரிந்தது. அப்போதும் விடாமல் நின்ற சில குடும்பங்களால்தான் இன்று அங்கே "பழைய கொடி" என்று சொல்ல ஏதோ மிஞ்சியிருக்கிறது. ஓகுஸ்த் கிளாப் அவர்களில் ஒருவர். விளைந்ததை மொத்த வியாபாரியிடம் பீப்பாயோடு தள்ளிவிடுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். அவர் 1950-களிலேயே சொந்தமாகப் புட்டியில் அடைத்து, சொந்தப் பெயர் போட்டு விற்க ஆரம்பித்தார். 2018-ல் காலமானார்.

பழைய கொடி என்றால் என்ன?

இங்கேயே முதல் ஏமாற்று ஆரம்பம். பிரான்சில் "பழைய கொடிகள்" என்று லேபிளில் போட இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இருபது வயதுக் கொடிக்கும் போடலாம், தொண்ணூறு வயதுக் கொடிக்கும் போடலாம். திராட்சைக்கும் ஒயினுக்குமான சர்வதேச அமைப்பு 2024-ல்தான் 35 வயது என்று ஒரு வரையறை சொன்னது. அதுவும் பரிந்துரை மட்டுமே, கட்டாயம் இல்லை. அந்த வார்த்தைக்கு மட்டும் சந்தையில் தனி விலை!

உண்மையான கிழக்கொடி என்பது உரிமையாளருக்கு நஷ்டக் கணக்கு. வயதாக ஆகக் காய்ப்பு குறையும். சின்னக் குலை, கொஞ்சம் பழம், ஆனால் சாறு அடர்த்தி. நடுவில் தண்டு நோய்கள் வேறு. எஸ்கா என்ற பூஞ்சை நோய் உள்ளுக்குள்ளேயே தண்டை அழுகடித்து, நன்றாக நின்ற கொடியை ஒரு கோடையில் காய வைத்துவிடும். அதற்கு அடித்து வந்த சோடியம் ஆர்செனைட் மனிதருக்கே விஷம் என்பதால் பிரான்ஸ் 2001-ல் அதைத் தடை செய்தது, சரியான முடிவுதான். செத்த கொடியைப் பிடுங்கிப் புதிதாக நட்டால் உருப்படியான காய்ப்புக்கு மூன்று நான்கு வருடம். "பழைய கொடி" ஆக இன்னும் ஒரு தலைமுறை. நடுகிறவர் தனக்காக நடுவதில்லை, பேரனுக்காக நடுகிறார். இந்தக் காத்திருப்புக்கு எந்த ஏட்டிலும் ஒரு பத்தி கிடையாது.

காலம் செய்யும் வேலை

இளம் கொர்னாஸ் ஒயின் கறுப்பாக, கடுப்பாக இருக்கும் என்பது பெயர் பெற்ற விஷயம். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின்தான் காரணம். கடுந்தேநீரைப் பால் ஊற்றாமல் குடித்தால் நாக்கு வறண்டு இழுக்குமே, அதே சமாசாரம். புட்டிக்குள் வருடங்கள் போகப் போக இந்த டானினும் நிறமிகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. பெரிதாகிச் சில கீழே வண்டலாகப் படிகின்றன. கார்க் வழியாக உள்ளே போகும் துளியளவு காற்றும் இதில் கைகொடுக்கிறது. ஊதா நிறம் செங்கல் நிறமாகும். பழ வாசனை குறைந்து தோல், புகை, காய்ந்த இலை என்று வேறு வாசனைகள் வரும். கடுப்பு அடங்கும்.

ஆனால் இது முடிவில்லாத ஏற்றம் கிடையாது. ஒரு உச்சம் உண்டு, அதற்குப் பிறகு இறக்கம் உண்டு. இறக்கத்தின் கடைசியில் புளித்த பழுப்புத் தண்ணீர்தான் மிச்சம். கம்பெனிப் பங்கை நூறு வருடம் வைத்திருந்தாலும் பங்கு பங்குதான். ஒயினுக்கு நாள் குறித்திருக்கிறது. குடிக்கச் செய்த பொருளை, குடிக்க வேண்டிய காலத்தில் குடிக்காமல் கைமாற்றிக்கொண்டே போவது என்பது கல்யாணச் சாப்பாட்டு டோக்கனைப் பந்தி முடியும் வரை கூவிக் கூவி விற்பது மாதிரி.

பணம் எந்த வழியில் போகிறது?

வளர்த்தவர் பெரும்பாலும் அறுவடை முடிந்து இரண்டு மூன்று வருடத்தில் விற்றுவிடுகிறார். ஏன் இருபது வருடம் வைத்திருந்து விற்கக்கூடாது என்று கேட்பவர்கள் நடைமுறை மூலதனம் என்ற பாடத்தை இன்னொரு முறை படிக்கவும் :-) பறிக்க வந்தவருக்குக் கூலி, புட்டிக்கு, கார்க்குக்கு, பீப்பாய்க்குக் காசு, வங்கிக் கடன் தவணை... இவை எதுவும் இருபது வருடம் காத்திருக்காது.

வாங்கியவர் யார்? அதைத் திறந்து குடிக்கிறவராக இருந்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் உலகத்தின் விலை உயர்ந்த ஒயினில் ஒரு பகுதி இங்கிலாந்தின் சுங்கக் கிடங்குகளுக்குப் போகிறது. கிடங்கை விட்டு வெளியே எடுக்கும் வரை மதுத் தீர்வையும் கிடையாது, மதிப்புக்கூட்டு வரியும் கிடையாது. பெட்டி அசையாது, உரிமையாளர் பெயர் மட்டும் மாறும். 2000-ல் தொடங்கிய லிவ்-எக்ஸ் என்ற ஒயின் சந்தை, பங்குச் சந்தை மாதிரியே குறியீட்டெண்கள் வெளியிடுகிறது. பல வருடம் ஏறிய விலைகள் 2022-ல் உச்சம் தொட்டுவிட்டு அடுத்த வருடங்களில் இறங்கின. ஏறியபோது மலைக்கு எதுவும் வரவில்லை. இறங்கியபோது மட்டும் வாங்கிப்போட்டவர்கள் கை இறுகி, புது அறுவடையை விற்பது தோட்டக்காரருக்கும் கஷ்டமாகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, வரிச் சட்டம் படிப்பவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். இங்கிலாந்துச் சட்டப்படி, ஐம்பது வருடத்துக்கு மேல் தாங்காத கைப்பொருள் "தேயும் சொத்து". அதை விற்று வந்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. எனவே ஒயின் முதலீட்டு விளம்பரங்களில் "வரி இல்லை" என்பது பெரிய எழுத்தில் வரும். வாங்குகிறவரிடம் "இது பல தலைமுறை தாங்கும் ஒயின்" என்று சொல்வது. வரி அதிகாரியிடம் "ஐயா, இது சீக்கிரமே செத்துப்போகும் சாமான்" என்று சொல்வது. ஒரே புட்டிக்கு இரண்டு ஆயுள் ரேகை! வரித் துறையும் ஏமாளி இல்லை. நீண்ட காலம் வைக்கும் வழக்கமுள்ள உயர்ந்த ஒயின்களுக்கு இந்தச் சலுகை தானாகக் கிடைத்துவிடாது என்று அதன் வழிகாட்டுதல் சொல்கிறது.

கொர்னாஸுக்கே திரும்புங்கள். நோயெல் வெர்சே என்று ஒரு முதியவர். வாழ்நாள் முழுக்க அந்தச் சரிவில், மிகப் பழைய கொடிகளில் வேலை செய்தவர். 2006 அறுவடைதான் அவர் பெயரில் வந்த கடைசி ஒயின். 2015-ல், தொண்ணூறு வயதைத் தாண்டி, காலமானார். அவர் வேலையை நிறுத்திய பிறகுதான் விலை பறந்தது. இனி வராது என்று தெரிந்ததும் பழைய புட்டிகள் ஏலத்தில் பல நூறு டாலருக்குக் கைமாறின. அவர் தோட்டத்தில் விற்றபோது அது சாதாரணக் குடும்பத்தினர் வாங்கக்கூடிய விலை. இந்த வித்தியாசத்தில் ஒரு சல்லிக்காசு அவருக்கோ அவர் சுவர் கட்டிய மலைக்கோ போக எந்தச் சட்டமும் இல்லை.

பூட்டிய அறையில் நடப்பது

திறக்காமலே கைமாறும் சந்தையில் இன்னொரு வியாதியும் வரும்: போலி. ரூடி குர்னியாவான் என்பவர் அமெரிக்காவில் வீட்டிலேயே ஒயின் கலந்து, பழைய லேபிள் ஒட்டி, கோடிக்கணக்கில் விற்றார். 2012-ல் கைது, 2013-ல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2014-ல் பத்து வருடச் சிறைத்தண்டனை. அவரை மாட்டிவிட்டதில் முக்கியமானவர் பர்கண்டியைச் சேர்ந்த லோரான் போன்சோ என்ற ஒயின் தயாரிப்பாளர். 2008-ல் நியூயார்க்கில் நடந்த ஏலத்துக்கு, போன்சோ குடும்பத்தின் குளோ சான்-தெனி ஒயின் என்று 1945 முதல் 1971 வரையிலான வருடங்கள் போட்ட புட்டிகள் வந்திருந்தன. அந்தக் குடும்பம் அந்த ஒயினைச் செய்ய ஆரம்பித்ததே 1982-ல்தான்! அவரே நேரில் போய் நின்று தடுத்தார்.

கவனியுங்கள்: பெரிய பெரிய வாங்குபவர்களும் தரகர்களும் கோட்டை விட்ட இடத்தில், பொய்யைக் கண்டுபிடித்தது செய்தவரின் குடும்ப நினைவு. இத்தனைக்கும் இரண்டாம் கை விற்பனையில் அந்தக் குடும்பத்துக்குப் பைசா பங்கு கிடையாது. காவல் வேலை மட்டும் இலவசமாகப் பார்க்க வேண்டுமாம்.

"விலை ஏறியதால்தானே மலை பிழைத்தது?"

நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. கொர்னாஸ் தோட்டங்கள் இன்று 150 ஹெக்டேருக்கு மேல். கைவிட்ட படிகளைத் திரும்பவும் வெட்டி நட்டிருக்கிறார்கள். இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். நல்ல விலை இல்லாமல் இது நடந்திருக்காது. ஏலத்தில் அடிபட்ட பெயர், தோட்டத்து விலையையும் கொஞ்சம் தூக்கிவிட்டது என்பதும் உண்மைதான்.

ஆனால் மலையைப் பிழைக்க வைத்தது முதல் விற்பனையின் விலை. பறிக்கிறவர் கூலியும் சுவர் பழுதும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கைமாற்றத்தின் லாபத்தில் ஒரு கல்கூட அடுக்கப்படவில்லை. அது மலைக்குத் திரும்பி வருவது வேறு உருவத்தில்: நில விலையாக. இதே நதியில் இன்னும் வடக்கே இருக்கும் கோத்-ரோத்தி என்ற சரிவில் ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர், பத்து லட்சம் யூரோவைத் தாண்டிவிட்டது. அப்பா இறந்தால் பிள்ளைக்கு வரும் வாரிசு வரிக் கணக்கு அந்தச் சந்தை விலையை வைத்துத்தான் தொடங்கும். சலுகைகள் உண்டு, ஆனால் உடன்பிறந்தவருக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பதும் அதே விலையில்தானே! மண்வெட்டி பிடிப்பவரால் கட்ட முடியாவிட்டால் வாங்க யார் வருவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

இன்னொரு வாதம்: பூட்டி வைப்பவரும் கிடங்கு வாடகை கட்டுகிறார், ரிஸ்க் எடுக்கிறார், அவருக்கு லாபம் வேண்டாமா? தாராளமாக வேண்டும். முழு லாபமும் வேண்டுமா என்பதுதான் கேள்வி. கிடங்கில் வெயில் படாமல் வைத்தார், சரி. இருபது வருடம் தாங்கும் குணத்தை ஒயினுக்குள் வைத்தவர் அவர் இல்லையே.

1920-லேயே வழி காட்டிய நாடு

இதற்குப் புதிதாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிரான்ஸிலேயே முன்மாதிரி இருக்கிறது. வறுமையில் ஓவியர் விற்ற படம் அவர் கண் முன்னாலேயே ஏலத்தில் பல மடங்கு விலை போகிறது, அவர் குடும்பம் பட்டினி கிடக்கிறது என்ற கொடுமையைப் பார்த்து 1920-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஏலத்தில் நடக்கும் மறுவிற்பனையில் ஓவியருக்கு ஒரு பங்கு. 2001-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அதை நீட்டினார்கள். விற்ற விலையில் முதல் 50,000 யூரோ வரை பொதுவாக 4 சதவீதம். ஓவியர் இறந்தபின்னும் எழுபது வருடம் வாரிசுக்கு உண்டு.

இதையே மலைச்சரிவு ஒயினுக்கும் கொடுத்தால் என்ன? ஒரு உதாரணக் கணக்கு. தோட்டத்தில் 40 யூரோவுக்கு விற்ற புட்டி இருபது வருடம் கழித்து ஏலத்தில் 400 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 சதவீதம் என்றால் 16 யூரோ. விற்பவருக்கு இது பெரிய இழப்பு இல்லை. ஏலக் கமிஷனே இதைவிட அதிகம். தோட்டத்துக்கோ அது முதல் விற்பனையில் ஐந்தில் இரண்டு பங்கு! பணத்தைத் தனிநபர் கையில் கொடுக்கத் தயக்கம் என்றால் சுவர் பழுதுக்கும் கொடி மறுநடவுக்கும் என்று அந்த ஊர் விவசாயிகள் சங்கத்துக்குக் கொடுங்கள்.

"ஓவியம் ஒன்றே ஒன்று, ஒயின் ஆயிரக்கணக்கில்" என்பார்கள். ஓவியர் எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்ட அச்சுப் படிகளுக்கும் இந்தப் பங்கு உண்டு என்று அந்த ஐரோப்பியச் சட்டமே சொல்கிறது. "எப்படிக் கண்காணிப்பது?" என்பார்கள். சுங்கக் கிடங்கில் எந்தப் பெட்டி யார் பெயரில் என்று ஏற்கெனவே பதிவு இருக்கிறது. அரசாங்கத்துக்கு வரி வாங்க முடிகிற ஏட்டில் விவசாயிக்குப் பங்கு வாங்க முடியாதா? "ஓவியம் கலை, ஒயின் வெறும் சரக்கு" என்பார்கள். அப்படியானால் சரக்கு விலைக்கே விற்கட்டும். விற்கும்போது கலை, பங்கு கேட்டால் சரக்கு என்றால் எப்படி?

எண்பது வயதுக் கொடியின் மதிப்பு பூஜ்யம் என்று ஏடு சொல்லலாம். கொடி பட்டுப்போய், சுவர் சரிந்து, மண் ரோன் நதிக்குப் போன பிறகு, அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு மனித ஆயுள் போதாது. அதுவரை கிடங்கில் பூட்டியிருக்கும் புட்டிகளுக்கு "இனி வராது" என்று இன்னும் விலை ஏறும். மலை சாகச் சாக லாபம் பார்க்கும் முதலீட்டுக்கு முதலீடு என்று பெயர் வைக்கலாமா? காமர்ஸ் படிப்பவர்கள் பதில் சொல்லட்டும்.

டிஸ்கி: குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை இது. மது உடம்புக்குக் கேடு. சொட்டு மதுவைத் தொடாதவருக்கும் விளைத்தவர் கூலி என்ன என்று கேட்க உரிமை உண்டு.